எகிப்தின் பிரமிடுகளைக் கட்டியவர்கள் அடிமைகளா?

இல்லை என்றுதான் சான்றுகள் சொல்கின்றன. 1990இல் கிசா பிரமிடுகளுக்குப் பக்கத்திலேயே தொழிலாளர்களின் கல்லறைகள் கிடைத்தன. முறிந்து, சிகிச்சைக்குப் பின் கூடிய எலும்புகளும் அவற்றில் இருந்தன. அடிமைகளுக்கு மன்னனின் அருகில் யார் கல்லறை கட்டியிருப்பார்கள்? அதற்காக எல்லோரும் விரும்பி வந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. அரசு கூப்பிட்டால் போயே ஆக வேண்டும்.

சரி, அடிமைகளே இல்லையா? இருந்தார்கள். முக்கியமாக, பிரமிடுகளுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிந்தைய புதிய அரசு என்ற காலத்தில், எகிப்துக்குத் தெற்கே இருந்த நூபியாவிலிருந்தும் சிரியாவிலிருந்தும் பிடித்துவந்த போர்க்கைதிகள் கோயில் நிலங்களிலும் வீடுகளிலும் வேலை செய்தார்கள்.

சாதாரண உழைப்பாளியின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள தேர் எல்-மெதினா என்ற ஊரைப் பாருங்கள். மன்னர்களின் பள்ளத்தாக்கு என்ற இடத்தில் அந்தக் காலத்து மன்னர்களுக்குக் கல்லறை குடைந்தவர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர் அது. அப்போது காசு கிடையாது. கோதுமையும் பார்லியும்தான் சம்பளம். கி.மு. 12ஆம் நூற்றாண்டில், மூன்றாம் ராமசேஸ் என்ற மன்னரின் 29ஆம் ஆட்சியாண்டில், அந்தத் தானியம் வந்து சேரவில்லை. வேலையைப் போட்டுவிட்டுக் கோயிலருகே போய் உட்கார்ந்துவிட்டார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தன, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, மன்னரான பாரோவுக்கு எழுதி அனுப்புங்கள் என்றார்கள். பாரோவைக் கடவுளாகவே வணங்கிய நாட்டில் இது எவ்வளவு துணிச்சல்! பாக்கித் தானியம் கொடுக்கப்பட்டது. அப்புறம் மறுபடியும் தாமதமானது. அவர்களும் மறுபடி வேலையை நிறுத்தினார்கள்.