ஒரே தாய், ஒரே காளை, இரண்டு மதிப்பு: கிடேரி அறிக்கையில் எது தப்பு?

கேள்வி: ஜெர்சி கலப்பினத்தில் 11 மாடு வைத்திருக்கிறேன். ஒரே தாய்க்கு, ஒரே காளையின் ஊசிக்குப் பிறந்த இரண்டு கிடேரிகளுக்கு மரபணுச் சோதனை எடுத்தேன். பெரியதுக்குப் பால் மதிப்பு (பால் தரும் மரபுத் திறனின் கணிப்பு) நன்றாக வந்திருக்கிறது. சின்னதுக்குக் குறைவு, கூடவே ‘தந்தை பொருந்தவில்லை’ என்றும் போட்டிருக்கிறார்கள். சின்னதுக்கு ஊசி போட்டது 3.1.2024, கன்று விழுந்தது 30.10.2024. சோதனை தப்பா? சின்னதை விற்றுவிடலாமா? மாதிரி எடுத்த ஏஜென்ட், இனி வம்சாவளி நோட்டே வேண்டாம் என்கிறார்.
– நாமக்கல் மாவட்ட வாசகர்

பதில்: சோதனையைச் சந்தேகப்படும் முன் நீங்கள் எழுதிய இரண்டு தேதிகளுக்கும் நடுவே எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். 301 வருகிறது. மாட்டின் சினைக்காலம் 280 நாளை ஒட்டித்தான். மிச்சம் 21 நாள், அச்சாக ஒரு பருவச் சுற்று. ஜனவரி 3-ல் போட்ட ஊசி நிற்கவில்லை; 24-ஐ ஒட்டி மாடு மறுபடி பருவத்துக்கு வந்து வேறு காளையின் உறைவிந்துக் குச்சி போட்டிருக்க வேண்டும். நோட்டில் மட்டும் பழைய காளையே நின்றுவிட்டது.

ஆய்வகம் இதைப் பிடிக்கும் விதம் எளிது. டிஎன்ஏவில் ஓரிடத்தில் காளைக்கு இரண்டு பிரதியும் ஒரே வகை, கன்றுக்கு இரண்டுமே எதிர்வகை என்றால் அது அப்பனாக இருக்க முடியாது. பல்லாயிரம் இடங்களில் நாலைந்து இப்படி வந்தால் ஆய்வகப் பிழை என்று விடலாம். நூற்றுக்கணக்கில் வந்தால் அப்பன் வேறு.

அப்பன் ஒன்றாகவே இருந்தாலும் அக்கா தங்கைக்கு ஒரே மதிப்பு வராது. தாயிடம் பாதி, காளையிடம் பாதி என்றாலும் எந்தப் பாதி என்பது ஒவ்வொரு கன்றுக்கும் புதுச் சீட்டு. நோட்டை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் இரண்டுக்கும் பெற்றோரின் சராசரிதான் கிடைக்கும். அதன் நம்பகத்தன்மை ஒருபோதும் 50 சதவீதத்தைத் தாண்டாது. கறவைக்கு வருமுன்பே இரண்டையும் பிரித்துக் காட்டுவது மரபணுச் சோதனைதான்.

அதனால் நோட்டைத் தூக்கிப் போடலாம் என்று ஏஜென்ட் சொன்னால், அவருக்கு ரத்தம் எடுக்கத் தெரியும், மதிப்பீடு தெரியாது. 2010-ஐ ஒட்டி உருவான ‘ஒரே படி’ முறையில் வம்சாவளி உறவும் டிஎன்ஏ உறவும் ஒரே கணக்கில் சேர்கின்றன. சோதிக்காத உங்கள் கிழட்டு மாட்டின் ஆறு ஈத்துப் பால் கணக்கு அந்தக் கிடேரிகளின் மதிப்புக்குள் வந்து சேர்வது நோட்டு வழியாகத்தான். நோட்டில் அப்பன் தப்பென்றால் அதே வழியாக அடுத்தவன் மகள்களின் பாலும் உள்ளே வந்துவிடும். ஆகவே ஆய்வகத்திடம் ஒன்று கேளுங்கள்: பொருந்தாத அப்பனை நீக்கிவிட்டுக் கணக்கிட்டார்களா, அவனோடு சேர்த்தே கணக்கிட்டார்களா? சேர்த்திருந்தால் சின்னதின் எண் செல்லாது.

நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். ஊசி போட்டதும் வெறும் உறைவிந்துக் குச்சியைக் குப்பையில் போட விடாதீர்கள். காளை எண்ணும் விந்து நிலையமும் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். துடைத்து, நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டுங்கள். திரும்பப் பருவத்துக்கு வந்தால் அடுத்த வரியில் அடுத்த குச்சி. கையால் எழுதிய எண்ணில் 6 எப்போது 0 ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ‘நல்ல காளைதான் போட்டேன்’ என்று சொல்லிக் குச்சியைக் காட்டாதவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பாலையும் சொம்புக் கணக்கில் எழுத வேண்டாம். மாதம் ஒரு நாள், காலை மாலை இரண்டு வேளையும், தொங்கு தராசில் கிலோ. சீம்பால் நாட்களை விட்டுவிட்டு வற்றும்வரை எடுத்தால் ஒரு ஈத்துக்குப் பத்து எடை. கன்று ஊட்டியிருந்தால் அதையும் குறியுங்கள். நல்ல மாட்டை மட்டும் எழுதிவிட்டுச் சொத்தையை விட்டுவிடுவதுதான் பெரிய கேடு: மோசமான மகள்கள் கண்ணில் படாததால் காளை உயர்ந்து தெரியும். செல்ல மாட்டுக்கு மட்டும் அடர்தீவனம் கூட்டினால் அதன் மகளின் எண்ணும் பொய்யாக ஏறும்.

தரகர் நீட்டும் ‘ஜெர்சி 62%’ சான்றிதழ் பால் மதிப்பு அல்ல. அது ரத்தக் கலப்பின் அளவு, அவ்வளவுதான். அதைப் பார்த்து விலையைக் கூட்டாதீர்கள்.

திருத்திய அறிக்கை வரும்வரை சின்னதை விற்க வேண்டாம். மாற்றுக் காளை நல்லதாக இருந்தால் அதன் எண் ஏறவும் செய்யலாம். முதலில் ஊசி போட்டவரின் பதிவேட்டில் 2024 ஜனவரி 24-ஐ ஒட்டிய பக்கத்தைத் திறந்து, உங்கள் மாட்டின் காது வில்லை எண்ணுக்கு நேரே எந்தக் காளை இருக்கிறது என்று பாருங்கள்.