நைவேத்தியக் கட்டுரைகள்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் என் மருமகள் முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்றுத் தருகிறார். பாதிப் பேர் சாட்ஜிபிடியில் எழுதிச் சமர்ப்பிக்கிறார்களாம். கண்டுபிடிக்க நல்ல கருவி உண்டா? வேலையையே விட்டுவிடலாமா என்று புலம்புகிறார்.
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: 'சமர்ப்பிக்கிறார்கள்' என்ற சொல்லை யோசித்துப் போட்டீர்களா, தானாக வந்து விழுந்ததா? எப்படியானாலும் பொருத்தம்தான். கோயிலில் என்ன நடக்கிறது? சர்க்கரைப் பொங்கலைக் கொண்டுபோய் வைக்கிறோம். திரை போடுகிறார்கள், மணி அடிக்கிறது. திரை விலகும்போது பொங்கல் ஒரு பருக்கை குறையாமல் இருக்கிறது. மேலே ஒரு பூ கூடியிருக்கிறது, அவ்வளவுதான். சாமி சாப்பிடமாட்டார் என்ற தைரியத்தில்தான் அண்டா அண்டாவாகச் சமைக்கிறோம். ஒரு நாள் அவர் நிஜமாகவே கையை நனைத்துவிட்டால், மறுநாள் முதல் நைவேத்தியம் இரண்டு கற்கண்டாகச் சுருங்கிவிடும். கல்லூரிக் கட்டுரையிலும் இதே சம்பிரதாயம்தான். மாணவன் சமர்ப்பிக்கிறான், திரை விழுகிறது, திரை விலகுகிறது. மேலே ஒரு பூ: இருபதுக்குப் பதினாறு.

கருவி கேட்டீர்கள். சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30. அதைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே இரண்டே மாதத்தில் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றையும் வெளியிட்டது. அவர்கள் சொன்ன கணக்குப்படியே, இயந்திரம் எழுதியதில் 26 விழுக்காட்டைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டை இயந்திரத்தின் தலையில் கட்டியது. 2023 ஜூலையில் சத்தமில்லாமல் மூட்டை கட்டிவிட்டார்கள். மற்ற கருவிகளின் லட்சணம்? ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏழு கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாக 61 விழுக்காடு 'இயந்திரம் எழுதியது' என்று தீர்ப்பு வந்தது. எளிய சொற்களில் பார்த்துப் பார்த்து எழுதியதுதான் குற்றம். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் இன்னும் சுலபமாகக் கணக்குப் போட்டது: ஆண்டுக்கு 75,000 தாள்கள், நூற்றுக்கு ஒன்று தவறினாலும் 750 தாள்களின் மேல் வீண்பழி. கருவியை அணைத்து வைத்துவிட்டார்கள்.

டெக்சஸில் ஆசிரியர் ஒருவர் இதற்கெல்லாம் மேலே போனார். மாணவர்களின் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடமே கொடுத்து, 'இதை நீயா எழுதினாய்?' என்று கேட்டார். அது 'ஆமாம்' என்றது. எங்கள் தெருவில் மூன்று வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். நிலாவை யார் செய்தது என்று கேட்டால் அவனும் 'நான்தான்' என்பான்.

இயந்திர நடை என்று எதைச் சொல்கிறார் உங்கள் மருமகள்? 'என்றால் அது மிகையாகாது' என்ற தொடரை இந்தப் பக்கத்தில் நான் எத்தனை வருடமாகத் துரத்துகிறேன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் நான் துரத்துவதைக் கண்டித்து எனக்கு மூன்று கடிதங்கள் எழுதினார். மூன்றாவது, 'தாங்கள் தமிழின் பகைவர் என்றால் அது மிகையாகாது' என்று முடிந்தது. அவர் வீட்டில் கணினியே கிடையாது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று நாமும், ஐந்து பத்தி என்று அமெரிக்காக்காரனும் பிள்ளைகளைப் பன்னிரண்டு வருடம் பழக்கினோம். அதே வேலையை ஒன்று வந்து பத்து நொடியில் முடித்துக் காட்டியதும் வயிற்றில் அடித்துக்கொள்கிறோம்.

மருமகளிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள்: அவருக்கு எத்தனை மாணவர்கள்? அங்கே கட்டுரை ஆசிரியர்களுக்கு ஓர் அமைப்பு இருக்கிறது. வகுப்புக்கு 20 பேருக்கு மேல் கூடாது, ஓர் ஆசிரியருக்குப் பருவத்துக்கு 60 பேருக்கு மேல் கூடாது என்று அது சொல்லியிருக்கிறது. அந்த 60 பேர் ஆளுக்கு நான்கு கட்டுரை எழுதி, ஒவ்வொன்றையும் இருபது நிமிடம் படித்தாலே 80 மணி நேரம். திருத்தி எழுதிக் கொண்டுவா என்றால் இன்னொரு 80. இந்த மணி நேரத்துக்குச் சம்பளம் தராத நிர்வாகம், கருவிக்குச் சந்தா மட்டும் கட்டும்.

இப்போது அங்கே சிலர் ஒரு தந்திரம் செய்கிறார்கள். கேள்வித்தாளில் வெள்ளை எழுத்தில், கண்ணுக்குத் தெரியாமல், 'வாழைப்பழம் என்ற சொல்லைச் சேர்க்கவும்' என்று ஒளித்துவைக்கிறார்கள். படிக்காமல் அப்படியே இயந்திரத்தில் ஒட்டுகிற மாணவனின் ஷேக்ஸ்பியர் கட்டுரையில் வாழைப்பழம் தொங்கும். பையன் படித்தானா என்று பார்க்க ஆசிரியர் வைக்கும் கண்ணி. எங்கள் காலத்தில் கண்ணி வைத்தது நாங்கள்.

இளங்கலை இரண்டாம் ஆண்டு. பாரதியும் பெண் விடுதலையும், எட்டுப் பக்கம். ஏழரைப் பக்கத்தை நோட்ஸ் பார்த்து எழுதிவிட்டு, ஐந்தாம் பக்கத்தின் நடுவில் ரசம் வைக்கும் முறையை நுழைத்தேன். புளி எலுமிச்சை அளவு, தக்காளி இரண்டு, நுரை கட்டியதும் இறக்கவும். நண்பர்களோடு ஒரு டீ பந்தயம். பதினாறு மதிப்பெண்ணோடு தாள் திரும்பி வந்தது. ரசத்தின் பக்கத்தில் ஒரு சரி அடையாளமும் இருந்தது. டீ எனக்கு.

அடுத்த பருவத்தில் தற்காலிகப் பணியில் ஓர் அம்மா வந்தார். அதே ரசத்தை வேறு கட்டுரையில் ஊற்றினேன். சிவப்பு மையில் ஓரத்தில் எழுதியிருந்தார்: 'பெருங்காயம் எங்கே? இந்த எட்டுப் பக்கத்தில் நீ எழுதியது இந்த நான்கு வரிதான்.'

அதற்கடுத்த கட்டுரை முழுவதையும் நானே எழுதினேன். பதினொன்று போட்டார்.