நெற்றியில் அக்கி: மூக்கு நுனியைப் பாருங்கள்

உங்கள் கணவர் எந்தத் தப்புத்தண்டாவுக்கும் போகவில்லை, அம்மா. அவருக்கு வந்த அக்கியைப் பற்றி நிலாவெளியிலிருந்து இத்தனை கேள்வி எழுதிய நீங்கள் வாய்விட்டுக் கேட்காத கேள்விக்கு இதுதான் பதில்.

மருந்துத் துண்டில் இருந்த ‘ஹெர்பிஸ் சோஸ்டர்’ என்பதில் முதற்சொல்லை மட்டும் போனில் தேடியிருக்கிறீர்கள். பாலுறவால் தொற்றும் நோய் என்று வந்ததும், துண்டை அலுமாரிக்குள் ஒளித்துவிட்டு பாமசியில் ஏதோ களிம்பு வாங்கிப் பூசியிருக்கிறீர்கள். ஹெர்பிஸ் என்ற பெயர் ஊர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தோலில் படரும் பலவகைப் புண்களுக்கும் பழைய வைத்தியர்கள் இதே பெயரைத்தான் வைத்தார்கள். சோஸ்டர் என்றால் இடுப்புக் கச்சை. ஆங்கிலத்தில் ஷிங்கிள்ஸ் என்பதும் கச்சையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழியில் வந்ததே. நமக்கு இது அக்கி. என்றோ வந்துபோன கொப்புளிப்பானின் (சின்னம்மையின்) வைரஸ் நரம்பின் வேரில் ஒடுங்கிக் கிடந்து இப்போது எழும்பியிருக்கிறது. நீங்கள் பயந்தது வேறு வைரஸ். குடும்பப் பெயர் மட்டுமே ஒன்று.

வலது நெற்றியில் கொப்புளம், மூக்கு நுனியில் இரண்டு, நேற்றிலிருந்து கண் உறுத்தல் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். முதல் வரியாக வந்திருக்க வேண்டியது அது! மூக்கு நுனித் தோலுக்கும் கண்விழிக்கும் போகும் நரம்புகள் ஒரே கிளையிலிருந்து பிரிபவை. ஆகவே நுனியில் கொப்புளம் கண்டால் கண்ணும் அகப்படக்கூடும். 19ஆம் நூற்றாண்டில் லண்டன் வைத்தியர் ஜொனதன் ஹட்சின்சன் சொன்ன இந்த அடையாளத்தை இன்றும் நாங்கள் தேடிப் பார்க்கிறோம். கருவிழியில் புண்ணாகித் தழும்பு விழுந்தால் பார்வை மங்கிவிடும். கண் சிவக்கட்டும், பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். இன்றைக்கே திருகோணமலை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், கண்ணைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

நீங்கள் ஒளித்த துண்டில் இருப்பது அசைக்ளோவிர் குளிசை. வழக்கமாக 800 மில்லிகிராம், நாளுக்கு 5 வேளை, 7 நாள். கொப்புளம் கண்டு 72 மணித்தியாலத்துக்குள் தொடங்குவது நல்லது. கண் அகப்பட்டால் பிந்தினாலும் கொடுப்போம். சிறுநீரகம் பழுதென்றால் அளவு குறையும், எனவே தானாக வாங்கி விழுங்கும் மருந்தல்ல. களிம்பை இன்றோடு நிறுத்துங்கள். கண்ணருகே காவியும் பூசாதீர்கள்.

அக்கி உடம்பைச் சுற்றிவந்து இரு முனையும் சந்தித்தால் ஆள் தப்பாது என்று அயல்வீட்டு ஆச்சி சொன்னாராம். ரோமாபுரி எழுத்தாளர் பிளினியும் 1ஆம் நூற்றாண்டில் அப்படித்தான் எழுதினார். இருவர் சொன்னதும் பிழை. அக்கி பெரும்பாலும் ஒரு நரம்பின் வழியே ஒரு பக்கத்தோடு நின்றுவிடும். நீங்கள் கேட்ட மற்றவற்றுக்கும் பதில்: மீன் சாப்பிடலாம், குளிக்கலாம்.

பேறுகாலத்துக்கு வந்திருக்கும் மகளுக்கு முன்பு கொப்புளிப்பான் வந்ததா? இல்லை, தெரியாது என்றால், எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை தகப்பனோடு நெருங்க வேண்டாம். இதுவரை நெருங்கியிருந்ததைக் கர்ப்பிணி கிளினிக்கில் உடனே சொல்லட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தத் துண்டையும் அவருடைய சீனி வருத்தக் கொப்பியையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.