முதுகெலும்பு, விசா, ஏஐ: நம்ம கடற்கரைப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில்

உச்சிப்புளிதான் சொந்த ஊர். தமிழ்நாட்டில் பிசியோதெரபி முடித்து, அப்புறம் ஆஸ்திரேலியாவில் கைரோபிராக்டிக் படித்து, பெர்த்தில் வேலை பார்க்கிறேன். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அசைத்துச் சரிசெய்யும் வைத்தியம் இது. "ஏஐ வந்து எல்லா வேலையும் போகப்போகிறதாமே, இந்தத் தொழிலுக்கு வந்தால் தப்பிக்கலாமா?" என்று தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

பாம்பனிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணே, பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். முடித்ததும் ஆஸ்திரேலியாவில் கைரோபிராக்டிக் சேரலாமா? பிசியோவைவிட அதற்குத்தானே மவுசு?

மவுசு இன்ஸ்டாகிராமில்தான் அதிகம்மா. வேலை என்று பார்த்தால் கதை வேறு. இரண்டு தொழிலுமே ஆஸ்திரேலியாவின் குடியேற்றத் தொழில் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் பிசியோவை ஆஸ்பத்திரி வேலைக்கு எடுக்கும், முதியோர் இல்லம் எடுக்கும், விளையாட்டு கிளப் எடுக்கும். கைரோபிராக்டருக்குப் பெரும்பாலும் சின்னச் சின்னத் தனியார் கிளினிக்தான். அங்கே பல இடங்களில் மாதச் சம்பளம் கிடையாது, வருகிற நோயாளியின் கட்டணத்தில் ஒரு பங்கு தருவார்கள். புதிதாக ஊருக்கு வந்தவளுக்கு முதல் வருஷம் நோயாளி எங்கிருந்து வருவார்கள்?

செலவையும் பார். அங்கே கைரோபிராக்டிக் ஐந்து வருஷப் பல்கலைக்கழகப் படிப்பு. முன்னால் படித்ததற்குக் கொஞ்சம் கழிவு கொடுத்தாலும் பாதிக்குமேல் மறுபடி உட்கார்ந்துதான் ஆகவேண்டும். வெளிநாட்டு மாணவருக்கு வருஷக் கட்டணம் முப்பதாயிரம் ஆஸ்திரேலிய டாலருக்குக் குறையாது. அதுபோக, ஒரு வருஷ வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டாலர் இருப்பதாகக் காட்டச் சொல்லி 2024-இல் விதி வந்தது. முழுப் படிப்பையும் கூட்டிப் பார்த்தால் ஒரு கோடி ரூபாயைத் தாண்டிவிடும்.

நீ கையில் வைத்திருக்கும் பட்டத்துக்கே வழி இருக்கிறது. ஆஸ்திரேலியன் பிசியோதெரபி கவுன்சில் முதலில் உன் படிப்பைச் சரிபார்க்கும், அப்புறம் எழுத்துத் தேர்வு, அப்புறம் செய்முறைத் தேர்வு. கஷ்டம்தான், ஆனாலும் கோடி ரூபாய்க் கடன் இல்லை. இங்கிலாந்து என்றால் ஹெச்சிபிசி என்ற அமைப்பில் பதிய வேண்டும். அங்கே அரசு ஆஸ்பத்திரிகளிலும் பிசியோவுக்கு வேலை உண்டு. முதுகெலும்பை அசைக்கும் கைத்திறனைப் பிசியோவாக இருந்துகொண்டே மேற்படிப்பில் கற்கலாம். உன் இடத்தில் என் சொந்தத் தங்கை இருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

கீழக்கரையிலிருந்து ஒரு லாத்தா: தம்பி துபாயில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறான், வயது 29. கம்பெனியில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள். கைரோபிராக்டிக் படிக்கிறேன் என்கிறான். அனுப்பலாமா?

பயம் நியாயமானது லாத்தா. ஆனால் கணக்கு இடிக்கிறது. அறிவியல் பாடங்களிலிருந்து தொடங்கி, படிப்பு முடியும்போது 35-ஐ நெருங்கிவிடுவான். ஆஸ்திரேலியாவின் புள்ளி முறை விசாவுக்கு 45 வயது ஆவதற்குமுன் விண்ணப்பிக்கலாம் என்றாலும், 33 வயது ஆனதுமே வயதுக்கான புள்ளி குறையத் தொடங்கும். மனித உடம்பைத் தொட்டு வேலை செய்வதில் அவனுக்கு உண்மையிலேயே ஆசை இருக்கிறதா, இல்லை லேப்டாப்பிலிருந்து ஓடப் பார்க்கிறானா? ஓடுவதற்காக வருகிறவன் இரண்டாம் ஆண்டு உடற்கூறியலில் பிணத்தின் முன்னால் நிற்கும்போது திரும்பிவிடுவான். மருத்துவத் துறைதான் வேண்டும் என்றால் மருத்துவ மென்பொருள் பக்கம் அவன் அனுபவத்துக்கே மதிப்பு இருக்கிறது, அதை முதலில் பார்க்கட்டும்.

ராமநாதபுரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: சார், நேராகக் கேட்கிறேன். உங்கள் வேலையை ஏஐ எடுக்குமா, எடுக்காதா?

பாதி எடுத்துவிட்டது, நல்லதாகப் போயிற்று. நோயாளி பேசுவதைக் கேட்டுக் குறிப்பு எழுதும் மென்பொருள் பல கிளினிக்குகளில் வந்துவிட்டது. அதில் தப்பு வந்தால் பொறுப்பு மருத்துவருடையதுதான், நோயாளியிடம் அனுமதியும் வாங்க வேண்டும் என்று ஆஸ்திரேலியாவில் மருத்துவத் தொழில் செய்வோரைப் பதிவு செய்யும் அமைப்பான ஆப்ரா சொல்லியிருக்கிறது. எக்ஸ்ரேயில் சந்தேகமான இடத்தை ஏஐ வட்டம் போட்டுக் காட்டும். வீட்டில் செய்யவேண்டிய பயிற்சியை போன் கேமராவே பார்த்து "முழங்காலை இன்னும் மடக்கு" என்கிறது. அமெரிக்காவில் மசாஜ் செய்யும் ரோபோ கையும் வந்துவிட்டது.

ஆனால் 2016-இல் ஏஐ மேதை ஜெஃப்ரி ஹின்டன், எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்து நோய் சொல்லும் கதிரியக்க மருத்துவர்களைப் பயிற்றுவிப்பதை இப்போதே நிறுத்திவிடலாம் என்றார். இன்றைக்கும் பல நாடுகளில் அந்த மருத்துவர்கள் போதாமல் பற்றாக்குறைதான்.

நான் பார்க்கிற மாற்றம் வேறு. நோயாளி இப்போது எம்ஆர்ஐ ரிப்போர்ட்டை ஏஐயிடம் கொடுத்து விளக்கம் கேட்டுவிட்டு, "டிஸ்க் பிதுங்கியிருக்காம், இனி எதையும் தூக்கக் கூடாதாம்" என்று நடுங்கிக்கொண்டு வருகிறார். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. ரிப்போர்ட்டில் இருப்பதும் வலிக்குக் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அவரைப் படுக்கவைத்து, கால் பெருவிரலை என் விரலுக்கு எதிராகத் தூக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் பலம் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, "நரம்பு நன்றாக இருக்கிறது, பயப்படாதீங்க" என்று சொன்னால் தோள் தளர்ந்து இறங்குவது கண்ணுக்குத் தெரியும். அந்த வேலை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

ஏஐ கையை எடுக்காது. கட்டணம் குறையுமா என்றால், குறையலாம். சாதாரண முதுகுவலிக்காரர் போன் பயிற்சியிலேயே குணமாகி வராமல் போவார். சிக்கலானவர்கள் வருவார்கள். அதனால் அரைகுறையாகப் படித்தவருக்கு இனி இடம் குறைவு.

மண்டபத்திலிருந்து ஒரு மீனவர் மகன்: வாரக் கடைசி இரண்டு நாள் கோர்ஸ் முடித்தால் 'சர்டிஃபைட் கைரோபிராக்டர்' என்று விளம்பரம் வருகிறது. வெளிநாட்டில் செல்லுமா?

செல்லாது தம்பி. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட வழிகாட்டியில் முழுமையான படிப்புக்குக் குறைந்தது 4,200 மணி நேரம், அதில் 1,000 மணி நேரம் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்த பயிற்சி என்று இருக்கிறது. இரண்டு நாளில் சத்தம் வரவைக்கக் கற்றுக்கொடுப்பார்கள். அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் வாயு வெளிவருவதால் வருவது. சலூனில் கழுத்தைத் திருகினாலும் 'நெட்டி' வரும். வைத்தியம் நடந்ததற்கு அது சாட்சி இல்லை. கழுத்தை அப்படி வேகமாகத் திருகுவதில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததும் உண்டு. அபூர்வம்தான், ஆனால் யாருக்குச் செய்யக்கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் அத்தனை வருஷப் படிப்பு.

அதே தம்பி: அப்பாவுக்கு வலை இழுத்து இழுத்து இடுப்பு வலி. மீன்பிடித் தடைக்காலத்தில் குறைகிறது, கடலுக்குப் போனால் திரும்ப வருகிறது.

ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் ஓய்வு கிடைத்தால் குறைகிறது என்பதே நல்ல சேதி. வேலைப் பளுவால் வருகிற வலியாகத்தான் தெரிகிறது. வலை இழுக்கிறவர் முதுகைத் தொட்டாலே தெரியும், ஒரு பக்கத் தசை மட்டும் முறுக்கின வடம் மாதிரி இறுகியிருக்கும். தடைக்காலத்தில் சும்மா படுக்காமல் தினமும் நடக்கச் சொல்லு. படகில் இடம் மாற்றி, பக்கம் மாற்றி இழுக்க முடியுமா என்று கேள். மூத்திரம் போக முடியாமல் அடைத்தாலோ, தொடைக்கு நடுவில் மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ எந்தத் தடவலுக்கும் போகாமல் அன்றைக்கே ஜி.ஹெச். போக வேண்டும். இதை மட்டும் வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவை.

பரமக்குடியில் பயிற்சி எடுக்கும் ஒரு டாக்டர்: கைரோபிராக்டிக் அறிவியலே இல்லை என்று படித்திருக்கிறேன். மறுக்கிறீர்களா?

பாதியை மறுக்கமாட்டேன் டாக்டர். 1895-இல் அமெரிக்காவின் டாவன்போர்ட்டில் இதைத் தொடங்கிய டி.டி. பாமர், காந்த வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். பெரும்பாலான நோய்களுக்கு முதுகெலும்பு விலகலே காரணம் என்றார். அது தவறு, அதை இன்னும் விற்கிறவர்கள் எங்கள் தொழிலுக்கே பாரம். பிறந்த குழந்தையின் முதுகைத் தட்டும் வீடியோ ஒன்று பெரும் சர்ச்சையாகி, 2019-இல் ஆஸ்திரேலியாவில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதுகெலும்பை அசைக்க வேண்டாம் என்று பதிவு வாரியமே நிறுத்தியது. சரியான முடிவு. அதேசமயம் நாள்பட்ட இடுப்பு வலிக்கான வழிகாட்டியை உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்டபோது, முதுகெலும்பை அசைக்கும் சிகிச்சையையும் பயன்படுத்தக்கூடிய வழிகளில் ஒன்றாகச் சேர்த்தது, நிபந்தனையோடு. இடுப்பு வலிக்கு ஓரளவு பயன், ஆஸ்துமாவுக்கு இல்லை. நான் வேலை பார்ப்பது அந்த எல்லைக்குள்தான்.

ராமேஸ்வரத்திலிருந்து, அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர் என்று எழுதியிருக்கும் பிளஸ் டூ மாணவி: பெண்ணுக்கு இந்த வேலைக்குப் பலம் போதுமா அண்ணே?

தாராளமாகப் போதும். பலத்தைவிட வேகமும் கோணமும்தான் முக்கியம், நோயாளி படுத்திருக்கும் பகுதி அழுத்தும்போது கொஞ்சம் கீழே இறங்கி உதவும் மேஜைகளும் உண்டு. ஆனால் நீ முதலில் அரசு கவுன்சலிங்கில் பி.பி.டி. பாரும்மா. மூச்சுப் பிடித்து மன்னார் வளைகுடாவில் முங்கும் அம்மாவின் மகள் பலத்தைப் பற்றிக் கேட்பதுதான் எனக்குச் சிரிப்பு.

தேவிபட்டினத்திலிருந்து: மலேசியா, சிங்கப்பூர் எப்படி?

மலேசியாவில் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கைரோபிராக்டிக் அங்கீகரிக்கப்பட்ட துறை, கோலாலம்பூர் ஐஎம்யு பல்கலைக்கழகத்தில் படிப்பும் இருக்கிறது. செலவு ஆஸ்திரேலியாவைவிடக் குறைவு. எந்த நாட்டில் வேலை பார்க்கப் போகிறாயோ அந்த நாட்டு வாரியம் அந்தப் பட்டத்தை ஏற்குமா என்று எழுத்தில் வாங்கிவிட்டுச் சேர். சிங்கப்பூரில் கைரோபிராக்டருக்கு அரசுப் பதிவு முறை கிடையாது.

ஏர்வாடியிலிருந்து ஒரு தகப்பனார்: ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறார். மகனுக்குக் கைரோபிராக்டர் வேலை, விசா இரண்டும் உறுதி என்கிறார்.

கொடுக்காதீங்க மாமா. படிக்காத பையனுக்குக் கைரோபிராக்டர் பதிவை எந்த நாடும் தராது. ஆஸ்திரேலிய விசாவுக்குப் பணம் வாங்கி ஆலோசனை சொல்பவர் அந்த நாட்டில் பதிவு பெற்றவரா என்று பெயரைப் போட்டு இணையத்திலேயே பார்க்கலாம், வளைகுடா வேலை என்றால் இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் ஏஜென்ட் பெயர் இருக்க வேண்டும். ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்திக்கொண்டு, இந்த வாரமே எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுங்கள்.