நகையை அடகு வைக்க வேண்டாம், அண்ணாச்சி

அண்ணாச்சிக்கு வணக்கம். போன வாரம் நாங்குநேரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதிப் பேச்சில் எழுந்து போனீர்கள். மீதியை எழுதி அனுப்புகிறேன். உங்கள் மகள் பாப்பாவும் படிக்கட்டும், அவளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். சிவில் இன்ஜினியரிங் முடித்த பிள்ளைக்கு ‘நெடுஞ்சாலைப் பாதுகாப்பு மென்பொருள்’ நாலு மாதப் பயிற்சி, 85 ஆயிரம் கட்டணம், முடித்தவுடன் வேலை என்று ஒருவர் போன் போட்டதாகச் சொன்னீர்கள். அக்காவின் வளையலை வைத்துக் கட்டிவிடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். அந்தத் துறை பொய் என்பதால் சொல்லவில்லை. துறை நிஜம், நல்ல துறையும்கூட. ஆனால் அவர் விற்கும் பொருளில் பாதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மறுபாதியை வகுப்பறையில் உட்கார்ந்து கற்க முடியாது.

“ரோட்டுல நிக்க வைப்பாவளா, ஏசி ரூம்ல உக்கார வைப்பாவளா?” என்று கேட்டீர்களே, அதற்கு ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. வேலை என்னவென்று தெரிந்தால் உங்களுக்கே பதில் தெரிந்துவிடும்.

உங்கள் டீக்கடை இருப்பது நாலுவழிச் சாலை ஓரத்தில். எந்த இடத்தில் அடிக்கடி இடிபடும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்கள். மீடியன் எனும் நடுத்தடுப்பின் இடைவெளியில் திரும்பும் டிராக்டர், சுற்றிப் போகச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் வரும் பைக், விளக்கில்லாமல் ஓரம் கட்டிய லாரி எல்லாம் உங்களுக்கு அத்துபடி. ஆனால் மனசு பெரிய விபத்தைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆம்புலன்ஸ் வந்தது ஞாபகமிருக்கும், காலொடிந்து ஆட்டோவில் போனவர் மறந்துபோவார். நம் ஞாபகத்துக்கு ஒழுங்காகக் கணக்கு எழுதுவதுதான் இந்த மென்பொருள்களின் முதல் வேலை.

தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ படுகாயமோ நேர்ந்த 5 விபத்துகள் நடந்திருந்தால், அல்லது 10 பேர் இறந்திருந்தால், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதைக் கரும்புள்ளி என்று கணக்கில் எடுக்கிறது. பேப்பரில் ‘பிளாக் ஸ்பாட்’ என்று படித்திருப்பீர்கள். இதைக் கண்டுபிடிக்க விபத்து நடந்த இடம் துல்லியமாகத் தெரிய வேண்டும். அதற்காக வந்ததுதான் ஐராட் என்ற தரவுத்தளம். ஐஐடி மெட்ராஸ் உருவாக்கியது, மத்திய அரசின் தகவல் மையமான என்ஐசி நடத்துகிறது. முதலில் தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. விபத்து நடந்ததும் போலீஸ்காரர் மொபைலில் இடத்தையும் போட்டோவையும் பதிகிறார். உடனே சாலைத் துறைப் பொறியாளருக்குத் தகவல் போகிறது. அவர் நேரில் வந்து வளைவு, பார்வைத் தூரம், போர்டு இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துப் பதிய வேண்டும்.

இங்கேதான் பாப்பா கவனிக்க வேண்டியது இருக்கிறது. அந்தப் போலீஸ்காரர் ஸ்டேஷனுக்குத் திரும்பிவந்து பதிந்தார் என்று வையுங்கள். வரைபடத்தில் விபத்தெல்லாம் ஸ்டேஷன் வாசலில் போய்க் குவியும். மென்பொருள் அதையும் சிவப்பு வட்டம் போட்டு அழகாகக் காட்டும். ‘இது சரியில்லையே’ என்று சந்தேகப்படுகிற ஆளுக்குத்தான் சம்பளம். பட்டனை அழுத்தத் தெரிந்தவர்கள் நாளைக்கு ஆயிரம் பேர் வருவார்கள்.

சரி, கரும்புள்ளிகள் தெரிந்துவிட்டன. இருபது இடம் இருக்கிறது, ஆறு இடத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எந்த ஆறு? அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கும் பட்டைக்கோடு போதுமா, மீடியனை அடைக்க வேண்டுமா, சர்வீஸ் ரோடு போட வேண்டுமா? போட்டபின் விபத்து குறைந்ததா? இந்தத் துறையின் அடிநாதம் இந்தக் கேள்விகள்தான். அமெரிக்காவில் இதற்கென்றே 2005-ல் சட்டத்தில் தனி நிதித்திட்டம் வந்தது. 2010-ல் அங்குள்ள மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கமான ஆஷ்டோ பெரிய கையேடு ஒன்றை வெளியிட்டது. சாலை முழுவதையும் சல்லடை போட்டுத் தேடுவது, காரணம் தேடுவது, தீர்வு தேர்வது, செலவும் பலனும் பார்ப்பது, வரிசைப்படுத்துவது, செய்தபின் சோதிப்பது என்ற அதன் ஆறு படிகளைத்தான் சேஃப்டி அனலிஸ்ட் போன்ற மென்பொருள்கள் கணினிக்குள் கொண்டுவந்தன.

கடைசிப் படியில்தான் பலரும் வழுக்குவார்கள். ஒரு திருப்பத்தில் ஒரு வருடம் ஏழு விபத்து, பதறிப்போய் பிளிங்கர் விளக்கு வைக்கிறார்கள், மறுவருடம் மூன்று. விளக்கு வேலை செய்துவிட்டது என்று எழுதிவிடலாமா? குற்றாலத்தில் ஒரு வருடம் சாரல் பொய்த்தால், அடுத்த வருடம் ஓரளவு நன்றாக விழுவது பெரும்பாலும் நடப்பதுதான். நடுவில் ஒருவர் யாகம் நடத்தியிருந்தால் பெயர் அவருக்குப் போய்விடும். விபத்தும் அப்படித்தான், ரொம்ப மோசமான வருடத்துக்குப் பின் தானாகவே கொஞ்சம் இறங்கும். அதைக் கழித்துவிட்டு விளக்கின் உண்மையான பலனைப் பிரித்தெடுக்க எம்பிரிக்கல் பேயஸ் என்றொரு புள்ளியியல் முறை இருக்கிறது. மென்பொருள் அதைத்தான் போடுகிறது. பாப்பாவுக்கு மூன்றாம் செமஸ்டர் கணக்கில் அரியர் விழுந்தது எனக்குத் தெரியும். பரவாயில்லை. ஆனால் புள்ளியியலைத் திரும்ப எடுத்துப் படிக்காமல் இந்தத் துறைக்கு வரவேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

அமெரிக்கக் கணக்கை அப்படியே இங்கே பொருத்தவும் முடியாது. அவர்கள் சாலையில் பெரும்பாலும் கார். நம் நாட்டில் 2022-ல் விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் வந்தவர்கள். அதே ஆண்டு எண்ணிக்கையில் அதிக விபத்து நடந்த மாநிலம் நம்முடையதுதான், 64,105. அப்புறம் நம் சீமைக்கென்று சில சங்கதிகள் உண்டு. காவல்கிணறு பக்கம் காற்றாலை இறக்கையை ஏற்றிக்கொண்டு ஊர்ந்துவரும் நீள டிரெய்லர், ஆனி ஆடிக் காற்றில் பைக்கை ஒருபக்கம் தள்ளும் வேகம், சாயங்காலம் கிடைக்குத் திரும்பும் ஆட்டு மந்தை, தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் நோக்கி ராத்திரியில் நடக்கும் கூட்டம். தரவுத்தளத்தில் ‘பாதசாரி’ என்று ஒரு கட்டம்தான் இருக்கும். தை மாதம் என்றதும் அது யாரென்று புரிய, இந்த மண்ணில் வளர்ந்திருக்க வேண்டும். சென்னையில் ஏசி ரூமில் இருக்கிறவருக்கு இது தெரியாது. டீக்கடையில் வளர்ந்த உங்கள் பிள்ளைக்குத் தெரியும். இன்டர்வியூவில் இதைச் சொல்லச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

விபத்து நடக்கும்வரை காத்திராத முறையும் ஒன்று உண்டு, ஐரேப். காரில் கேமரா வைத்துச் சாலையைப் படமெடுத்து, 100 மீட்டருக்கு ஒருமுறை ஐம்பதுக்கும் மேற்பட்ட விவரங்களைப் பதிந்து, சாலைக்கு ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் கொடுப்பார்கள். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இந்தப் பதிவு வேலை கிடைக்கலாம். நாள் முழுக்க வீடியோ, கழுத்து வலிக்கும். ஆனால் சாலையை எப்படிப் பார்ப்பது என்று ஆறு மாதத்தில் கண் பழகிவிடும்.

இப்போது செய்ய வேண்டியது. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், அதை இந்த மாதமே இறக்கிக்கொள்ளட்டும். ஐரேப்பின் இணையப் பயிற்சிகள் சிலவும், சாலை வடிவமைப்பு எவ்வளவு பாதுகாப்பானது என்று கணிக்கும் அமெரிக்க அரசின் ஐஹெச்எஸ்டிஎம் மென்பொருளும் காசில்லாமல் கிடைக்கின்றன. ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் போக்குவரத்துப் பொறியியல் பாடம் முழுதாக இருக்கிறது. சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் எஸ்பி 88 என்ற சாலைப் பாதுகாப்புத் தணிக்கைக் கையேட்டைக் கல்லூரி நூலகத்தில் கேட்டு வாங்கி வரிவிடாமல் படிக்கட்டும். படித்தபின் ஒரு நோட்டுடன் உங்கள் கடையில் பத்து நாள் சாயங்காலம் உட்காரட்டும். எதிர்த்திசையில் எத்தனை பைக், எந்த நேரம், ஏன் என்று எழுதி, அதை வரைபடத்தில் ஏற்றி, நாலு பக்க அறிக்கையாக்கட்டும். 85 ஆயிரம் ரூபாய்ச் சான்றிதழைவிட அந்த நாலு பக்கத்தை நான் நம்புவேன்.

அதன்பின் இரண்டு வழி. கேட் நுழைவுத்தேர்வு எழுதிப் போக்குவரத்துப் பொறியியலில் எம்.டெக் அல்லது எம்.இ: ஐஐடி மெட்ராஸ், திருச்சி என்ஐடி, கிண்டி பொறியியல் கல்லூரி. கேட் மதிப்பெண்ணில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு, வளையல் வீட்டிலேயே இருக்கும். இல்லையென்றால் சாலை ஆலோசனை நிறுவனத்தில் நேரே சேர்ந்து, இரண்டு மூன்று வருடம் கழித்து டெல்லியிலுள்ள மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனமான சிஆர்ஆர்ஐ நடத்தும் தணிக்கைச் சான்றிதழ்ப் பயிற்சிக்குப் போகலாம். டிஎன்பிஎஸ்சி நெடுஞ்சாலைத் துறை உதவிப் பொறியாளர் தேர்வைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும், அதை மட்டுமே நம்பி மூன்று வருடம் வீட்டில் இருக்க வேண்டாம். முதல் சம்பளம் ஐடிக்குப் போன பிள்ளைகளைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கல்யாண வீட்டில் யாராவது ஒப்பிட்டுப் பேசுவார்கள், காதில் வாங்காதீர்கள்.

ரோட்டில் நிற்கும் விஷயத்துக்கு வருகிறேன். நிற்கத்தான் வேண்டும், அண்ணாச்சி. இரவில் போர்டு தெரிகிறதா, கோடு மின்னுகிறதா என்று பார்க்கும் ஆய்வும் உண்டு. குழுவாக, வண்டியோடு, பளபளக்கும் சட்டை போட்டுக்கொண்டுதான் போவார்கள். ஆனாலும் சேரும் முன் கேளுங்கள்: எத்தனை பேர் சேர்ந்து போவார்கள், தங்க இடம் யார் பார்ப்பார்கள், இன்ஷூரன்ஸ் உண்டா என்று. தயங்காமல் கேளுங்கள், நல்ல நிறுவனம் கோபித்துக்கொள்ளாது. சில வருடம் முன்பு ஒரு பெண்ணை இதையெல்லாம் கேட்காமல் ஒரு சைட் வேலைக்கு அனுப்பி வைத்தேன். இரண்டே மாதத்தில் திரும்பி வந்துவிட்டாள். தப்பு அவளுடையது அல்ல, என்னுடையது.

அந்தப் பயிற்சிக்காரர் மறுபடி போன் செய்தால் ஒன்று மட்டும் கேளுங்கள்: “எந்த ரோட்டு விபத்தை வச்சு எம்பிள்ளைக்குச் சொல்லிக் குடுப்பீய? அந்த ரோட்டை நீங்க நேர்ல பாத்திருக்கியளா?” என்ன சொன்னார் என்று எனக்கும் சொல்லுங்கள். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் பாளையங்கோட்டையில்தான் இருப்பேன், பாப்பாவை நோட்டோடு அனுப்பி வையுங்கள்.