கேக் நடுவில் குழிகிறது, எனக்குக் கைராசி இல்லையா?

கேள்வி: எனக்கு 36 வயது. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு பகலில் நேரம் கிடைக்கிறது, அதனால் யூடியூப் பார்த்து ஒவ்வொன்றாக முயல்கிறேன். குக்கரில் கேக் வைத்தேன். பேக்கிங் பவுடர் இல்லை, அதே அளவு சமையல் சோடா சேர்த்தேன். கால் மணி நேரத்தில் திறந்து பார்த்தபோது நன்றாக உப்பியிருந்தது, ஆனால் கடைசியில் நடுவில் குழி, அடியில் கருகல், வாயில் வைத்தால் சோப்புக் கசப்பு. குரோஷா ஊசிப் பின்னலில் சதுரம் ஆரம்பித்தால் முக்கோணமாக முடிகிறது. ஆரி எம்பிராய்டரி வேலைக்கு வாங்கிய ஸ்டாண்ட் மூலையில் நிற்கிறது. அம்மா அழகாக ஒயர் கூடை பின்னுவார், எனக்கு அந்தக் கை இல்லை. ‘காசுக்குப் பிடித்த கேடு’ என்கிறார் கணவர். ஓடிஜி என்கிற மின்சார ஓவன் வாங்கினால் கேக் சரியாக வருமா, இல்லை எனக்குக் கைராசியே இல்லையா?
ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கைராசியை விடுங்கள் தோழி. கேக் ஏன் கெட்டது என்பதற்கான காரணம் பெரும்பாலும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதத் தெரிந்தவருக்குக் கேக் வராமல் போகாது.

முதலில் அந்தக் கசப்பு. சமையல் சோடா சூட்டிலேயே ஓரளவு பொங்கும், ஆனால் மிச்சமில்லாமல் பொங்கித் தீர்வதற்குப் புளிப்பாக ஏதாவது வேண்டும், தயிரோ எலுமிச்சைச் சாறோ வினிகரோ. பேக்கிங் பவுடரில் அந்தப் புளிப்பும் பொடியாகச் சேர்ந்தே இருக்கும், ஈரமும் சூடும் பட்டாலே வேலை செய்துவிடும். அதோடு சோடாவின் வீரியம் பேக்கிங் பவுடரைவிட மூன்று நான்கு மடங்கு அதிகம். புளிப்பே இல்லாத மாவில் அதே அளவு சோடாவைக் கொட்டினால் மிச்சமாகி நிற்கிற சோடாதான் நாக்கில் சோப்பாகத் தெரிகிறது. கேக் அளவுக்கு மீறி உப்பிவிட்டுப் பிறகு அமுங்குவதற்கும் அது ஒரு காரணம். இன்னொரு காரணம், கால் மணி நேரத்தில் மூடியைத் திறந்தது. உள்ளே காற்றுக் குமிழ்கள் விரிந்துகொண்டிருக்கும், அவற்றைச் சுற்றியிருக்கிற முட்டையும் மைதாவும் இன்னும் இறுகியிருக்காது, அந்த நேரம் பார்த்து சூடு குறைந்தால் நடுப்பகுதி உட்கார்ந்துவிடும். ஆசையாகத்தான் இருக்கும், ஆனாலும் அரை மணி நேரம் வரைக்கும் திறக்காதீர்கள்.

அடுத்தது வெண்ணெய். இதை வீடியோவில் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு இதுதான் முக்கியம். வெளிநாட்டுக் குறிப்புகளில் ‘அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்’ என்று போட்டிருப்பார்கள், அவர்கள் நினைப்பது ஏறக்குறைய 20 டிகிரி. மே மாதம் உங்கள் அடுப்படி 35 டிகிரியைத் தாண்டும், அங்கே வெண்ணெயை வெளியே வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால் திரும்பி வரும்போது எண்ணெயாக ஓடியிருக்கும். உருகிய வெண்ணெய் காற்றைப் பிடித்து வைக்காது. வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது உள்ளே போகிற சின்னச் சின்னக் குமிழ்களைத்தான் பேக்கிங் பவுடர் பெரிதாக்குகிறது, குமிழே இல்லை என்றால் அது எதைப் பெரிதாக்கும்? விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் விரல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகக் கூடாது, அதுதான் பதம்.

இப்போதைக்கு ஒரே ஒரு கேக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாதாரண வெனிலா கேக். ஓடு இல்லாமல் இரண்டு முட்டை ஏறக்குறைய 100 கிராம் இருக்கும், அதே எடைக்கு வெண்ணெய், அதே எடைக்குப் பொடித்த சர்க்கரை, அதே எடைக்கு மைதா, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கொஞ்சம் வெனிலா எசென்ஸ். வெண்ணெயும் சர்க்கரையும் வெளுத்துப் பஞ்சாக வரும்வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, கடைசியில் பேக்கிங் பவுடரோடு சலித்த மைதாவைக் கரண்டியால் மெதுவாகக் கலந்து, வெள்ளை மாவு கண்ணில் படாத அந்த நிமிடமே நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் கிளறினால் மைதா இழுத்துக்கொண்டு கேக் ரப்பராகிவிடும். கலந்ததும் அடுப்புக்குப் போக வேண்டும், தட்டில் ஊற்றி வைத்துவிட்டு போன் பேசக் கூடாது. டம்ளர் கணக்கு வேண்டவே வேண்டாம், வீட்டுக்கு வீடு டம்ளர் வேறு. சில நூறு ரூபாயில் ஒரு டிஜிட்டல் தராசு கிடைக்கும், நீங்கள் வாங்க வேண்டிய பொருள் என்று நான் சொல்வது அது ஒன்றுதான்.

ஓடிஜி இப்போது வேண்டாம். குக்கரையும் விட்டுவிடலாம், தண்ணீர் இல்லாமல் வெறும் குக்கரைச் சூடாக்குவது அதற்கும் நல்லதில்லை. பழைய கனமான அலுமினியப் பாத்திரம் ஒன்று, உள்ளே உயரமான ஒரு ஸ்டாண்ட், மேலே நன்றாகப் பொருந்துகிற மூடி, இவ்வளவு போதும் (நான்ஸ்டிக்கை மட்டும் வெறுமனே அடுப்பில் ஏற்றாதீர்கள்). பத்து நிமிடம் மிதமான தீயில் சூடேற்றி, பேப்பர் விரித்த 6 அங்குல கேக் தட்டில் மாவை ஊற்றி உள்ளே வைத்துவிட்டு, தீயைக் குறைத்து 35 முதல் 45 நிமிடம். ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக் கூடாது. அடி கருகினால் அடுத்த முறை தீயை மட்டும் மாற்றுங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். இதே கேக்கைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள், ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு மாற்றம், அதை ஒரு பழைய நோட்டில் குறித்து வையுங்கள். வீட்டில் ‘மறுபடியும் அதே கேக்கா’ என்று கேட்கத்தான் செய்வார்கள், கேட்கட்டும். அது கண்ணை மூடிக்கொண்டு வருகிற நிலைக்கு வந்த பிறகு சாக்லேட், பழம், கிரீம், அப்புறம் வேண்டுமானால் ஓடிஜி.

குரோஷா முக்கோணமாவது புதிதாகப் பின்னுகிறவர்கள் நிறைய பேருக்கு நடப்பதுதான். ஒவ்வொரு வரிசையிலும் கடைசித் தையல் உங்கள் கண்ணுக்குத் தப்புகிறது, வரிசைக்கு ஒன்று குறைந்தாலே சதுரம் கோணிவிடும். வரிசை முடியும்போது வாய்விட்டு எண்ணுங்கள், 20 என்றால் 20 இருக்க வேண்டும். கறுப்பு, அடர் நீலம் நூலில் பழகாதீர்கள், கண்ணி தெரியாது. வெளிர் நிறத்தில் கொஞ்சம் தடித்த நூலும் 4 அல்லது 5 மில்லிமீட்டர் ஊசியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் குரோஷாவையும் கொஞ்ச நாள் தள்ளி வைத்துவிட்டு, அடுத்த முறை அம்மா வீட்டுக்குப் போகும்போது ஒயர் கூடையை ஆரம்பியுங்கள் என்பேன். கூடை பின்னத் தெரிந்த அம்மா இருக்கும்போது வீடியோ எதற்கு? முடிச்சு எங்கே தளர்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் விரலைப் பார்த்துச் சொல்ல அவரால் முடியும், திரையில் இருப்பவரால் முடியாது. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் முடிச்சு எல்லாம் பிறகு இருக்கட்டும், முதலில் சாதா முடிச்சில் ஒரு சின்னக் கூடை. ஒயரை எவ்வளவு நீளம் வெட்டுவது என்பதை அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பின்னுவதைவிட அதில்தான் ஆரம்பக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், பாதியில் ஒயர் தீர்ந்து ஒட்டுப் போட வேண்டி வரும். அம்மாவின் கைவேலை அவரோடு நின்றுவிடக் கூடாது என்கிற ஆசையும் எனக்கு உண்டு, மறைக்காமல் சொல்கிறேன்.

ஆரி ஸ்டாண்டை விற்காதீர்கள், துணி போட்டு மூடி வையுங்கள். அது பழக வேண்டிய வேலை, முதல் சில வாரம் சங்கிலித் தையலைத் தவிர வேறெதுவும் இருக்காது, அதற்குப் பொறுமையும் நேரமும் ஒதுக்க முடிகிற காலம் வரும்போது திறந்துகொள்ளலாம்.

உங்கள் கணவர் சொன்னதில் பாதி சரி என்றுதான் எனக்குப் படுகிறது. பொருள் வாங்கியது அவசரம். ஆனால் பகலில் உங்களுக்கென்று கிடைக்கிற அந்த நேரத்தில் நீங்கள் எதையாவது கற்றுக்கொள்ள நினைப்பதைக் கேடு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, அதை அவரிடம் நேரடியாகவே சொல்லுங்கள், அந்தத் தராசைத் தவிரப் புதிதாக எதுவும் வாங்கப் போவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதற்குப் பிறகும் கேக் குழிந்தால் என்ன பாத்திரம், எவ்வளவு தீ, எத்தனை நிமிடம், எப்போது திறந்தீர்கள் என்று அந்த நோட்டைப் பார்த்து எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.