வெளி மெக்கானிக்கிடம் போகும் முன் ஒரு நிமிடம்

திருப்பூர் வாசகர் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான்: பதினைந்து மாதத்துக்கு முன் 14 லட்சம் கொடுத்து வாங்கிய ஆட்டோமேட்டிக் கார், டார்க் கன்வெர்டர் (எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும்) வகை. 19,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பார்க்கிங்கிலிருந்து டிரைவுக்கோ ரிவர்ஸுக்கோ மாற்றினால், பின்னாலிருந்து யாரோ முட்டியதுபோல் 'தடக்' என்று உதறுகிறது. டீலரிடம் நான்கு முறை விட்டும் "ஆட்டோமேட்டிக்னா இப்படித்தான் சார்" என்ற பதில்தான். ஒருமுறை முன்னிருக்கையில் இருந்த அம்மாவுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. ஒர்க்‌ஷாப் மேனேஜர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. புது வண்டியும் மன உளைச்சலுக்கு 10 லட்சமும் வேண்டும் என்கிறார். கடைசியாக ஒரு வரி: வருகிற வெள்ளிக்கிழமை வெளி மெக்கானிக் ஒருவர் கியர் ஆயிலை மாற்றி, கம்ப்யூட்டரை ரீசெட் செய்து தருகிறாராம்; அதை முடித்துவிட்டு வழக்குப் போடலாமா?

ஐயா, அந்தக் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில். செய்யாதீர்கள்.

மேனேஜர் நாற்காலி போடாததற்கு நுகர்வோர் ஆணையம் காசு தராது. அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த சீட்டு இருந்தால் இணையுங்கள், இல்லையென்றால் அதையும் விடுங்கள். வண்டி உதறுகிறது என்பதை எதிர்த்தரப்பே மறுக்காது. ஏன் உதறுகிறது என்பதுதான் உங்கள் வழக்கு. எஞ்சின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தாலும் உதறும். ஐடில் ஆர்பிஎம் (வண்டி நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகம்) ஏறி நின்றாலும், ஆயில் குறைந்தாலும், வேறு ரக ஆயில் ஊற்றினாலும் உதறும். கியர்பாக்ஸுக்குள் ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ் பாடியில் சொலினாய்டு என்ற மின்சார வால்வ் மக்கர் செய்தால் சொல்லவே வேண்டாம். பல கியர்பாக்ஸ்களில், கம்ப்யூட்டர் ஏதாவது கோளாறைக் கண்டால் பாதுகாப்புக்காக ஆயில் அழுத்தத்தை முழுசாக ஏற்றிவிடும், அப்போதும் இதே தடக்தான். இதில் சில தயாரிப்புக் குறை, சில வெறும் தேய்மானம். எது என்று நீங்களும் நானும் சொன்னால் எடுபடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 38(2)(சி), சோதித்தால்தான் தெரியும் என்ற குறையைத் தகுந்த ஆய்வுக்கு அனுப்பச் சொல்கிறது. கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

இப்போது வெள்ளிக்கிழமை விஷயம். சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒருவர் ஏறக்குறைய இதே உதறலோடு வந்தார். வருவதற்கு முன்பே வெளியில் ஆயிலை வடித்து, கம்ப்யூட்டரில் பதிவான எரர் கோடுகளை (கோளாறுக் குறியீடுகளை) அழித்திருந்தார். நிபுணர் வந்து பார்த்தபோது கியர்பாக்ஸில் இருந்தது மாம்பழச் சாறு மாதிரி பளபளக்கும் புது ஆயில். பழைய ஆயில் கருகியிருந்ததா, அதில் உலோகத் துகள் இருந்ததா என்று சொல்ல ஆளில்லை. கோளாறு பதிவான நேரத்து ஆர்பிஎம், வெப்பநிலை எல்லாம் கோடுகளோடு சேர்ந்தே போய்விட்டன. "அங்கீகாரமில்லாத இடத்தில் கை வைத்ததால் வந்த குறை" என்று கம்பெனி ஒரே பத்தியில் பதில் போட்டது. மனு தள்ளுபடி. அவர் மெக்கானிக்குக் கொடுத்தது 9,000 ரூபாய், அதற்கு ரசீதுகூட வாங்கவில்லை.

இன்னொரு பொறி ஜாப் கார்டு, அதாவது வண்டியை விடும்போது உங்கள் புகாரை டீலர் எழுதிக்கொள்ளும் சீட்டு. நான்கு முறை விட்டேன் என்கிறீர்களே, நான்கிலும் என்ன எழுதியிருக்கிறது? நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் 'ஜெனரல் செக்கப்' என்றுதான் இருக்கும். வண்டியை எடுக்கும்போது நீட்டுகிற திருப்திச் சீட்டில் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அப்படி நான்கு கையெழுத்து இருந்தால், நான்கு முறையும் திருப்தியாகப் போனார் என்றே வாதாடுவார்கள். ஐந்தாவது முறை விடுங்கள். 'பார்க்கிங்கிலிருந்து டிரைவ், ரிவர்ஸ் போடும்போது உதறல், எஞ்சின் சூடான பிறகும்' என்று உங்கள் கண்ணெதிரே எழுத வையுங்கள். திரும்ப எடுக்கும்போது குறை தீரவில்லையென்றால் கையெழுத்துக்கு மேலேயே அப்படி எழுதுங்கள்.

சூடான பிறகு என்பதை விட்டுவிடாதீர்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஆர்பிஎம் 1,200-ல் நிற்கும்போது டிரைவ் போட்டால் நல்ல வண்டியும் சற்றுத் துள்ளும். அதை வீடியோ எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் எதிர்த்தரப்பு வக்கீலுக்குத்தான் உதவுகிறார்கள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, முள் 700, 800-ல் அடங்கிய பிறகு, பிரேக்கை அழுத்தியபடி, ஆர்பிஎம் மீட்டரும் கியர் லீவரும் ஒரே பிரேமில் தெரிய எடுங்கள்.

புது கார்? மறந்துவிடுங்கள். வாரண்டி என்பது பழுதான பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோதான், முழு வண்டியை மாற்ற அல்ல என்று 2006-லேயே ஒரு மாருதி கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிபுணர் அறிக்கை உங்கள் பக்கம் வந்தாலும் ஆணையம் பெரும்பாலும் கியர்பாக்ஸோடு நின்றுவிடும். பத்து லட்சம் கேட்டால் சிரிக்க மாட்டார்கள், ஆனால் மனுவின் கனம் குறையும்.

அதனால் என் யோசனை சமரசம்தான். டீலர், தயாரிப்பாளர் இருவருக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். கம்பெனியின் டெக்னிக்கல் ஆள் நேரில் வந்து வண்டியைப் பார்க்கட்டும். வால்வ் பாடியையோ கியர்பாக்ஸையோ மாற்றித் தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். மாற்றிய பாகத்துக்குத் தனி வாரண்டியை லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளை அதற்கு முன் நீட்டினால், வண்டியை 1,000 கி.மீ. ஓட்டிப் பார்த்த பிறகு போடுகிறேன் என்று சொல்லுங்கள்.

மறுத்தார்கள் என்றால் மனு போடலாம். காலவரம்பு இரண்டு வருடம். முதல் ஜாப் கார்டு தேதியிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளுங்கள், கடைசி விசிட்டிலிருந்து எண்ணி ஏமாறாதீர்கள். அந்த வெள்ளிக்கிழமை மெக்கானிக்குக்கு இன்றே போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.